மகளின் மூன்றாம் தரம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கித் தூக்கியே இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன் ஆனேன். என் சொல்லைத் தட்ட அங்கே ஆளில்லை.

பதினோராம் வகுப்பு ஓஎல் பரீட்சை முடிந்ததும் கடைசி மகள் கேட்டாள்: "அப்பா, ஏஎல்லுக்குச் சங்கீதம் எடுக்கட்டே? கம்பசிலையும் வயலின் படிக்கலாம்."

"கலியாண வீடுகளிலை வாசிக்கவோ? கணக்கு எடு பிள்ளை, இஞ்சினியராய் வா."

பல்கலைக்கழகம் போவதற்கான ஏஎல் பரீட்சையை மூன்று தரம் எழுதினாள். மூன்றிலும் கணக்கில் தவறினாள்.

"சரி, இனிச் சங்கீதம் எடனம்மா" என்றேன்.

"மூண்டு தரத்துக்கு மேலை எழுதினாலும் கம்பசுக்கு எடுக்கமாட்டினம் அப்பா. முதல்தரம் தவறினவுடனை பாடத்தை மாத்தக் கேட்டனான். 'நான் தோத்த ஆளே, என்ரை பிள்ளை தோக்க?' எண்டு கேட்டியள்."

அப்படித்தான் கேட்டேன். அதைச் சந்தையில் நாலு பேருக்கும் பெருமையாகச் சொன்னேன்.