சினைமீனுக்கு மயக்க மருந்து

அறுபதுகளின் நடுவில், குற்றாலத்துக்குக் கீழே ஒரு சின்ன மீன்பண்ணையில் வேலை பார்த்தேன். அப்போது தென்காசியில் தறி வைத்திருந்த பாய் ஒருவர் அதை விற்றுவிட்டு, கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குஞ்சு பொரிக்க வைப்பதற்காக அவர் எங்கள் பண்ணைக்குக் கொண்டுவந்தவை மூன்று பெரிய ரோகு மீன்கள். ஒன்றுதான் பெண், வயிறு நிறையச் சினை.

தேங்கிய நீரில் ரோகு தானாக முட்டையிடாது. முட்டையிடத் தூண்டும் ஊசி போட வேண்டும். பிடித்தால் துள்ளித் தொட்டியில் மோதும். அடிபட்ட மீனால் பயனில்லை. ஆகவே மயக்கித்தான் ஊசி போட வேண்டும். எந்த மருந்து நல்லது என்று பார்க்கும் வேலை எனக்கு.

மூன்று தொட்டிகளில் சாணளவு கெண்டைகளை விட்டேன். ஒன்றில் யூரிதேன், ஒன்றில் குளோரல் ஹைட்ரேட். மூன்றாவதில் கோலி சோடா. அதன் வாயுவும் மீனை மயக்கும். சோடாவைப் பாயே பெட்டியோடு கொண்டுவந்தார்.

“மீனுக்கு என்ன சார், பிரியாணி செரிக்கலையா?” என்றார், உடைத்து ஊற்றிக்கொண்டே.

“பேசாம ஊத்துங்க பாய், வாயு போயிரும்.”

சோடாவில் மீன்கள் மயங்கும்முன் வெறிபிடித்தாற்போல் சுற்றின. குளோரலில் மயங்கியவை கை பட்டதும் வாலடித்தன. யூரிதேனில் மட்டும் மெல்லச் சாய்ந்து அசையாமல் கிடந்தன. நல்ல தண்ணீரில் விட்டதும் எழுந்து நீந்தின. பலமுறை பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை.

“எனக்கும் ஒரு சொட்டு குடுங்க சார். தறிய ஏன் வித்தேன்னு வீட்டுல எல்லாரும் கேக்குதாவ. உறக்கமே இல்ல.”

“பாய், இது சின்ன மீன்ல பாத்தது. சினைமீன் எப்படி எழும்பும்னு எனக்குத் தெரியாது.”

“அதையும் ஒருதரம் பாத்துருங்களேன்.”

“எந்தச் சினைமீன்ல பாக்க?”

அவர் காலி சோடாப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கினார்.

சாரல் தொடங்கிய காலையில் யூரிதேனை அளவு குறைத்தே கரைத்தேன். சினைமீன் அமைதியாகச் சாய்ந்தது. ஊசி சுத்தமாக இறங்கியது. ஒரு செதில்கூடப் பெயரவில்லை. பண்ணை வாய்க்காலில் விட்டோம். எழவில்லை. செவுளில் தண்ணீர் பாயும்படி, ஓட்டத்தை எதிர்த்து அதைக் கையால் தள்ளிக்கொண்டே நடந்தோம். செவுள் ஒருமுறை திறந்தது.

“ஏட்டி, எந்திரிட்டி” என்றார் பாய்.

பிறகு திறக்கவில்லை. நான் கரையேறிவிட்டேன். அவர் இடுப்பளவு நீரில் அதைத் தள்ளிக்கொண்டு மத்தியானம்வரை நடந்தார். கடைசியில் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முட்டை வரவில்லை. ஊசி வேலை செய்ய மீன் இன்னும் பல மணி நேரம் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

“இனி எப்போ சார்?”

“அடுத்த சாரலுக்குத்தான். அதுவும் பெண் மீன் கிடைச்சா.”

கிடைக்கவில்லை. பாய் குளத்தை விட்டுவிட்டு, வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்யப் போனார்.

மறு ஆண்டும் பண்ணையில் மருந்து சோதிக்க என்னிடம் சின்ன மீன்களைத்தான் கொடுத்தார்கள். யூரிதேனே சிறந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.