குழாயும் பெரியநாயகியும் வந்த தை மாதம்

சூரமங்கலம் ரயில்வே லைனில் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்ததும் பெரியநாயகி வந்ததும் ஒரே தை மாதம். முப்பத்தாறாம் வருஷம் என்று நினைவு. குழாய்க்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். பெரியநாயகிக்கு அதில் பாதி ஆரவாரம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக் கந்தம்மாளின் மருமகளாக, ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள்.

குழாய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளைக்கல் கரடு என்கிற குன்றின் அடிவாரத்தில் ஆழமாகத் தோண்டிய கிணற்றிலிருந்து வருவது. அதுவரை நாங்கள் இறைத்துக்கொண்டிருந்த கிணற்றைப் பலகை போட்டு மூடி ஆணி அடித்துவிட்டார்கள். கயிறும் வாளியும் ஒழிந்தது என்று எங்களுக்குக் கும்மாளம்.

பெரியநாயகியின் அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவளும் சாயத்தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள். எப்போதும் பாதிக் கனவில்தான் இருப்பாள். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் கரட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தை மாதத்து விடிகாலையில் என்ஜின் விடும் ஆவியும் பனியும் கலந்து தெருவே வெள்ளையாகிவிடும். அதற்குள் அவளுடைய சிவப்புச் சேலை மட்டும் மெதுவாக மிதந்து போகும். பார்க்கப் பார்க்க எனக்கும் கொஞ்சம் தூக்கம் வரும்.

கந்தம்மாள், மருமகள் வந்த அன்றே கரண்டியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். புதுப்பெண் வைக்கும் துவரம்பருப்பு குழைந்தால் அவள் குடும்பத்தோடு ஒட்டுவாள், குழையாவிட்டால் ஒட்டமாட்டாள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பெரியநாயகி வைத்த பருப்பு குழையவில்லை. மறுநாளும் குழையவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தும் அப்படியே.

உண்மையைச் சொன்னால், எங்கள் வீடுகளிலும் பருப்பு சரியாக வேகவில்லை. விறகு ஈரம் என்றோம், கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றோம். வெளியே சொன்னால் நம் கைக்குத்தான் இழுக்கு என்று வாயை மூடிக்கொண்டோம். மாலை போட்ட குழாயைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கந்தம்மாளுக்குக் குறை சொல்ல வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள்.

"ராசியில்லாத கையி. ஆடிக்கு அப்பன் ஊட்டுக்குப் போவாள்ல, போனவ போனவளே. நான் கூப்புடப் போறதில்ல" என்று கந்தம்மாள் குழாயடியிலேயே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய் ஆவணியில் கொண்டுவந்து விடுவது வழக்கம். ஆவணியில் கூப்பிட ஆள் வராவிட்டால் அவள் வாழாவெட்டிதான். புருஷன் தங்கமுத்து ரயில் ஷெட்டில் பாயிலர் கழுவுகிறவன். நல்லவன். அம்மாவுக்கு எதிரே வாய் திறக்காத நல்லவன். அப்படிப்பட்ட நல்லவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்திரையில் ஒருநாள் பருப்பு வெண்ணெயாகக் குழைந்தது. அதற்கப்புறம் தினமும் குழைந்தது. மாரியாத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று கந்தம்மாள் தெருவெல்லாம் சொன்னாள்.

கண்ணைத் திறந்தது பெரியநாயகி. விடியுமுன் ஏரிக்கரைத் தோட்டத்துக்குப் பால் வாங்கப் போகிறவள், பால் செம்போடு ஒரு குடத்தையும் எடுத்துப்போய் அந்தத் தோட்டத்துக் கிணற்றில் சேந்திக்கொண்டு வந்தாள். திரும்பும்போது குழாயடியில் கடைசி ஆளாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். குடத்தோடு நிற்கிற கூட்டத்தில் யார் எங்கே நிரப்பினார்கள் என்று யார் பார்த்தார்கள்? "நடக்கறதே தெரியாதுங்கக்கா" என்று வெகுநாள் கழித்து என்னிடம் சொன்னாள். "ஷெட்டுப் பக்கம் ஆவி மூடிக் கெடக்கும். உள்ள பூந்தா நெலமும் தெரியாது, வானமும் தெரியாது. இடுப்புல தண்ணி மட்டும் தளும்பிக்கிட்டே வரும். அப்படியே போயிக்கிட்டே இருக்கலாம்னு இருக்கும்."

ஆனி கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பா வந்து அழைத்துப்போக மூன்றே நாள் இருந்தது. ஒருநாள் பருப்பு வேகாவிட்டாலும் போச்சு என்ற பயத்தில் விடிகாலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி, நிலைப்படியிலேயே சுருண்டு விழுந்தாள். கந்தம்மாள் அவளைப் பாயில் படுக்க வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தன் கையால் அடுப்பு மூட்டினாள்.

மத்தியானம் நான் ரசம் எடுத்துக்கொண்டு போனபோது கந்தம்மாள் இன்னும் அடுப்பின் முன்னால்தான் இருந்தாள். தண்ணீர் வற்ற வற்ற ஊற்றியிருக்கிறாள். பருப்பு பருப்பாகவே கிடந்தது. "எங் கையுமா போச்சு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

சாப்பிட வந்த தங்கமுத்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். விளிம்பில் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினான். "இதத்தானம்மா நான் பாயிலருக்குள்ள தெனமும் சொரண்டறேன். தண்ணி கடுப்பு, கரட்டுக் கல்லு கரைஞ்சது. இதுல பருப்பு வேகாது." பிறகு பாயின் பக்கம் திரும்பினான். "நீ மட்டும் எப்படிப் புள்ள வேக வெச்சே?"

பெரியநாயகி சொன்னாள். ஒளிக்காமல், கிணற்றையும் குடத்தையும் குழாயடியில் நின்றதையும் சொன்னாள். கந்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாயருகே வந்து உட்கார்ந்தாள். "ஆவணி மொத நாளு நானே வந்து கூட்டியாரேன் சாமி" என்றாள். அப்புறம் அவளுடைய பழைய குணம் எட்டிப் பார்த்தது. "ஏம்புள்ள, இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னனுங்க அத்தை. வந்த மறுநாளே கொழாயடியில சொன்னனுங்க."

சொன்னாள்தான். இந்தத் தண்ணீரில் சாயமும் ஏறாது, பருப்பும் வேகாது என்று கூச்சத்தோடு சொன்னாள். "சாயக்காரரு மவ தண்ணிக்குச் சோசியம் பாக்கறா" என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவள் நான்தான்.

"ஆருகிட்டச் சொன்னே?" என்று கந்தம்மாள் கேட்டாள்.

பெரியநாயகி காய்ச்சல் கண்ணால் என்னைப் பார்த்தாள். ரசக் கிண்ணம் என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

"நெறையப் பேரு இருந்தாங்க அத்தை. இன்னாருன்னு நெனப்பில்லீங்க" என்றாள்.