சேர்த்து வைக்காத பொட்டு

என் சித்தி பெயிண்ட் ஆலையில் நிறம் கலப்பவள். வீட்டில் அவள் துவைத்தால் வெள்ளைச் சட்டை நீலமாகத்தான் வரும். ஆலையில் மட்டும் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

அங்கே கலவையை, பெயிண்டை நீர்க்கவைக்கும் தின்னரில் கலக்கி, உறிஞ்சுதாளில் ஒரு சொட்டு விடுவார்கள். இதற்குப் பெயர் பொட்டு வைப்பது. சொட்டு ஒரே நிறமாகப் பரவினால் டப்பாவில் ஊற்றலாம். நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் ஒரு நிறம் என்று வளையம் விழுந்தால், கலவை சுவரில் பிரிந்து திட்டுத்திட்டாகிவிடும்.

ஒருநாள் சரக்கு ஏற்ற வந்த லாரிக்காரர் ஹார்னை விட்டுக் கையெடுக்கவில்லை. சாம்பல் நிறம், நூறு டப்பா. சித்தி வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று பொட்டு வைத்தாள். இரண்டும் அழகாகப் பரவின. கலந்ததற்கு வைக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் வாரம், ஒரு பள்ளிக்கூடச் சுவரெல்லாம் கறுப்புத் திட்டு என்று புகார் வந்தது. மேலாளர், ஆலையில் கறுப்பு அரைக்கும் அண்ணன் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "உன் அரவைதான்யா சரியில்ல. நாளைலேர்ந்து வராதே." அந்த அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம்.

சாயங்காலம் சித்தி சாப்பிடவில்லை. ஆலையிலிருந்து மிச்சக் கலவையைக் கொண்டுவந்து, மேசையில் உறிஞ்சுதாள் விரித்துப் பொட்டு வைத்தாள். கறுப்பு ஓரத்துக்கு ஓடியது; வெள்ளை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது.

"தனியா விட்டா ரெண்டும் சமத்துடி. சேர்த்து விட்டா, ஒண்ணு நகரும்போது தின்னரைத் தள்ளுது, தின்னர் அடுத்ததைத் தள்ளுது. வெள்ளை ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு நகரமாட்டேங்குது."

"காலையில நம்ம குளியலறை வாசல் மாதிரி."

சித்தி சிரிக்கவில்லை. "அவர் அரவையில குத்தமே இல்லடி."

"யாருக்குத் தெரியும் சித்தி? பேசாம இரேன்." இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான்.

"எனக்குத் தெரியுதே," என்றாள்.

மறுநாள் அந்தப் பொட்டுத் தாளோடு மேலாளர் முன்னால் நின்றாள்.

"தனித்தனியா நல்லாத்தானேம்மா பரவுது?" என்றார் அவர்.

"சேர்த்துப் பார்க்கல சார். தப்பு என்னுது."

அண்ணனைக் கூப்பிட்டுவர ஆள் போனது. சித்தியைப் பீப்பாய் கழுவும் கொட்டகைக்கு அனுப்பினார்கள், பாதிச் சம்பளத்துக்கு. அவளைக் கேலி செய்ய அன்று முழுக்க ஒரு வசனம் யோசித்து வைத்திருந்தேன். சாயங்காலம் வாசலில், பீப்பாய் கழுவித் தோல் உரிந்த விரல்களால் அவள் செருப்பு வாரைக் கழற்ற முடியாமல் நின்றாள். நான் குனிந்து கழற்றிவிட்டேன். வசனம் மறந்துபோயிற்று.