நிற்கத் தெரியாத ஆட்டோஜைரோ

விமானத் திடலில் அவரைக் காத்தாடி மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஆட்டோஜைரோவைத் தன் கையாலேயே கட்டியவர். பார்த்தால் ஹெலிகாப்டரின் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஹெலிகாப்டரின் மேல் விசிறியை இன்ஜின் சுழற்றும். இதில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதோடு சரி. ஓடுகிற ஓட்டத்தில் அடிக்கும் காற்றில்தான் விசிறி சுற்றும். ஓட்டம் நின்றால் இறங்கத்தான் வேண்டும். இதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

உயரழுத்த மின்கம்பிகளை அருகில் நின்று பார்க்க, ஒரு மின்சாரக் கம்பெனி பறக்கும் வண்டி ஒன்றைத் தேடியது. அவர்களுக்கு இந்த ஆட்டோஜைரோ பிடித்துப்போனால் தினமும் இவரே ஓட்ட வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில், நிற்கவே தெரியாத ஒன்றில்! அவள் அவரிடமே முணுமுணுத்தாள்.

“ஹெலிகாப்டர் விலைக்கு இதுல பத்து வாங்கலாம்டி.”

“பத்து வாங்குங்க. உயிர் ஒண்ணுதானே இருக்கு?”

ஓட்டிக் காட்டும் நாளில் நல்ல எதிர்க்காற்று. மனிதர் லேசுப்பட்டவரா? காற்றுக்கு நேரே முகம் காட்டி, அதன் வேகத்துக்கே ஓட்டினார். தரையிலிருந்து பார்க்க, வண்டி அசையாமல் தொங்கியது. அவள் பக்கத்தில் நின்ற கம்பெனி இன்ஜினியர் வாயைப் பிளந்தார். “நிக்குதேம்மா!”

அடப்பாவி மனுஷா, என்று அவள் பல்லைக் கடித்தாள்.

திடீரென்று காற்று அடங்கியது. வண்டி கீழே இறங்க ஆரம்பித்தது. நல்லவேளை, இறங்கும்போது கீழிருந்து எதிர்த்து வந்த காற்று விசிறியைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. வண்டி மெதுவாக வந்து புல்லில் தொப்பென்று உட்கார்ந்தது. ஒரு சக்கரம் கோணியது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

“விழாம இறங்குது, அது பெரிய விஷயம்தான் சார்,” என்றார் இன்ஜினியர். “ஆனா எங்களுக்கு அந்தரத்துல நிக்கணும். நின்ன இடத்துலேர்ந்து நேரா மேல போகணும். அடிபட்டவங்கள தூக்குறதுக்கும் அதானே வேணும்? விலை எகிறினாலும் எல்லாரும் ஹெலிகாப்டருக்குப் போறது இதுக்குத்தான்.” கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

அவள் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள், முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆர்டர் போச்சு,” என்றார்.

“போகட்டும், சனியன் விட்டுது! இது கிடைக்கவே கூடாதுன்னு காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டிருந்தேன்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“கம்பெனிக்கு வாக்கு குடுத்துட்டேன், பின்வாங்க வெக்கமா இருந்துச்சு,” என்றார். “நானும் அதைத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்.”