பாசியில் நான்கு குருக்கள்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். தமிழ் வழி வகுப்புக்கு நல்ல புத்தகம் கிடைக்காத காலம். பாசியும் காளானும் இனம் பெருக்கும்போது செல்லின் உட்கரு என்னவெல்லாம் செய்கிறது என்று நானே குறிப்பு எழுதி, சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். முதல் வரியில் 'உட்கரு' என்று எழுதியதோடு சரி. பிறகு கைவலிக்குப் பயந்து 'கரு' என்றே சுருக்கிவிட்டேன். புரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டேன்.

அச்சாகி வந்ததை மாணவிகளுக்குக் கொடுத்த மூன்றாம் நாள், வில்லாபுரத்திலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. முதல் பெஞ்சுப் பெண்ணின் அப்பா, கோயில் குருக்கள். கையில் என் குறிப்பு.

"ஒரு சந்தேகம்மா" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்: "காளானில் இரண்டு குருக்கள் ஒன்றுசேராமல் ஒரே செல்லில் வெகுநாள் இருக்கும்."

எட்டிப் பார்த்தேன்; அப்படியேதான் அச்சாகியிருந்தது.

"இது வாஸ்தவம்தான். எங்க கோயில்லேயும் ரெண்டு பேர் இருக்கோம், பேசிப் பன்னெண்டு வருஷமாச்சு. ஆனா பாசியிலே ரெண்டு குருக்களும் ஒண்ணாச் சேர்ந்து, அப்புறம் நாலாப் பிரிஞ்சு, அதிலே மூணு அழிஞ்சுபோகும்னு போட்டிருக்கேளே, நாங்க என்னம்மா பாவம் பண்ணினோம்?"

கரும்பலகையில் படம் போட்டு, அது குரு இல்லை, கரு என்று விளக்கினேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, மிச்சம் இருக்கிற அந்த ஒண்ணு?"

"அதுதான் புதுப் பாசியா முளைக்கும்."

"அப்போ அது நானா இருந்துட்டுப் போறேன்" என்று எழுந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போனேன். அச்சுக் கோப்பவர் அசரவில்லை.

"நீங்க புரூஃப்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனப்புறம் நான்தான் மாத்துனேன் டீச்சர். கரு கூடுது, கரு அழியுதுன்னு, பொம்பளப் பிள்ளைக படிக்கிறதுல இம்புட்டு அசிங்கமான்னு மனசு கேக்கல. ஒத்த எழுத்துதானே."

"இப்ப மட்டும் நல்லா இருக்காண்ணே?"

"ஏன், பக்தியால்ல இருக்கு!"

மறுநாள் ஒரு வகுப்பு முழுக்க மாணவிகள் பேனாவால் 'கு'வை 'க' ஆக்கினார்கள். அப்படியும் பரீட்சையில் பாதிப் பேர் குருக்கள் என்றே எழுதிவைத்தார்கள். சேர்ந்ததும் பிரிந்ததும் அழிந்ததும் வரிசை தப்பாமல் இருந்ததால், மார்க்கைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.