நவுரு மச்சாள்

நான் ஸ்காபரோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ் ஓட்டுகிறவள். எனக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, பனி கொட்டும் காலையில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள், உங்களுக்கும் வாய் நீளும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. என் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் ஒன்று, நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்த ஒரு சனிக்கிழமை மாலையில்தான் முடிந்தது.

என் தம்பி மட்டக்களப்பில் இருக்க வழியில்லாமல் படகேறினான். அவுஸ்திரேலியா என்று சொல்லித்தான் ஏறினான். கொண்டுபோய் இறக்கிய இடம் நவுரு. பசிபிக் கடலில் ஒரு பொட்டு மாதிரிக் கிடக்கும் தீவு. மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் முழுவதையும் சுற்றி வந்துவிடலாம் என்பான். படகில் வந்தவன் உண்மையான அகதி என்று நிரூபித்தாலும் தன் மண்ணில் குடியேற விடுவதில்லை என்று அந்தப் பெரிய நாடு சட்டம் வைத்திருந்தது. ஆட்களை அடைத்து வைக்க அயலில் இருக்கும் ஏழைத் தீவுகளுக்குக் காசு கொடுத்தது. தன் வீட்டுக் குப்பையை அடுத்தவன் வளவில் கொட்டிவிட்டு, அதற்கு வாடகையும் கொடுத்துப் பெரிய மனிதனாக நிற்கிற வேலை அது. என் தம்பியைக் குப்பை என்று நான் சொல்லவில்லை, அவர்கள் அப்படித்தான் நடத்தினார்கள்.

இதில் எனக்கு அவுஸ்திரேலியாக்காரன்மீது வந்த கோபத்தைவிட நம்மவர்மீது வந்த கோபம் அதிகம். ஒருமுறை கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர், "எல்லாரும் படகில வந்தா ஒரு நாடு தாங்குமே, வரிசையில வரட்டும்" என்றார். "அங்கிள், நீங்கள் எந்த வரிசையில நிண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய் ஐஸ்கிரீம் எடுத்துக்கொண்டு வேறு மேசையில் இருந்துவிட்டார்.

முதல் வருடங்களில் தம்பி முகாமில் கூடாரத்தில் இருந்தான். ஒவ்வொரு முறை ஃபோன் எடுக்கும்போதும் அவனுடைய பேச்சு குறைந்துகொண்டே போனது. "என்ன சாப்பிட்டாய்?" என்றால் "சோறு" என்பான். அதற்குமேல் ஒரு சொல் வராது. ஏதாவது செய்துகொள்வானோ என்று நான் பயந்து செத்த நாட்கள் அவை. பிறகு அகதி என்று ஏற்றுக்கொண்டு முகாமுக்கு வெளியே விட்டார்கள். வெளியே என்றால் தீவுக்கு உள்ளேதான். மோட்டார் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்றில் வேலை கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பும் வந்தது. என்னடா விசேஷம் என்று துருவித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னான், அந்தத் தீவுப் பெண் ஒருத்தியைக் கட்டி ஒரு மகளும் பிறந்துவிட்டாள் என்று. எனக்குக் கோபம் வந்தது. கட்டியதற்கு இல்லை, பிள்ளை பிறக்கும்வரைக்கும் எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததற்கு.

கனடாவில் ஒரு வழி இருந்தது. சாதாரண ஆட்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுக்கலாம். வந்து ஒரு வருடம் அவர்களை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒருத்தி, என் கணவர் ஒருவர், மாமா, மாமாவின் இரண்டு மகன்கள். அதோடு ஐந்து சரி. மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். ஊரில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக இருந்தவர், இப்போது அஜின்கோர்ட்டில் பதினோராம் மாடியில் இருந்துகொண்டு யன்னலால் தெரியும் 401 நெடுஞ்சாலையில் போகும் வாகனங்களை நிர்வகிக்கிறார். மகன்மார் தகப்பனின் சொல்லைத் தட்டமாட்டார்கள். ஆகவே மாமா விலகினால் மூன்று கையெழுத்து போய்விடும். வேறு யாரையும் கேட்டுப் பார்க்காமல் இல்லை. கேட்ட இடமெல்லாம் பேச்சு அன்பாகத்தான் இருந்தது, கையெழுத்து என்றதும் எல்லாருக்கும் வேலை வந்துவிட்டது.

மருமகன் தனியாக வருகிறான் என்று இருந்தவரைக்கும் மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை. மனைவியும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பேனையை மூடி வைத்துவிட்டார்.

"அவன மட்டும் எடுப்பம் புள்ள. அது ஏதோ கஷ்ட காலத்தில நடந்த விசயம். இஞ்ச வந்தா நம்மட ஆக்களுக்குள்ள ஒரு பொம்பிளை பாப்பம்."

"புள்ள ஒண்டு இருக்கு மாமா."

"புள்ள தாயோட நிக்கட்டும்."

தம்பியிடம் இதை எப்படிச் சொல்வது? மெல்லச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவன் சுற்றி வளைக்கவில்லை. "மூண்டு பேர் எண்டா வாறம் அக்கா. ஒராள் எண்டா நான் இஞ்சயே கிடக்கன். மறுகா இதைக் கேக்காத" என்றான். அந்தத் தீவில் அகதியாக எத்தனை காலம் இருக்க விடுவார்கள், பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட அங்கே நல்ல வைத்தியம் இல்லை. மாமாவின் வீட்டுக்குப் போய் நான்கு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சப்பாத்தைப் போட்டேன். என் கணவர் கதவடியில் வந்து நின்றார். "நீ வாய் திறந்தா மூண்டு கையெழுத்தும் போச்சு. காரியம் பெரிசா வீரியம் பெரிசா?" என்றார். சப்பாத்தைக் கழற்றினேன்.

அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். பெண்ணை ஒருமுறை பாருங்கள், பிறகு உங்கள் விருப்பம் என்று மாமாவிடம் பணிவாகச் சொல்லி, வீடியோவில் பேசுவதற்கு ஏற்பாடு செய்தேன். எங்களுக்குச் சனிக்கிழமை மாலை, அவர்களுக்கு ஞாயிறு முற்பகல். மாமா திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சேட்டோடு சோபாவின் நடுவில் இருந்தார், இரண்டு பக்கமும் மகன்மார். திரையில் தம்பியும் அவளும் பிள்ளையும். அவள் தேவாலயத்துக்குப் போய்வந்த பூப்போட்ட சட்டையோடும் காதோரத்தில் ஒரு வெள்ளைப் பூவோடும் இருந்தாள். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. "வணக்கம் மாமா" என்று தமிழில் சொன்னாள். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் அவளோடு பேசவில்லை, தம்பியோடுதான் பேசினார். "தம்பி, உன்ட புள்ளைக்கு என்ன குடி? கேட்டுச் சொல்லு பாப்பம்."

குடி என்றால் எங்கள் மட்டக்களப்பில் வம்சம். கோயிலில் எந்தக் குடிக்கு எந்த நாள் பூசை, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் அதை வைத்துத்தான். அது தாய் வழியாக மட்டும்தான் வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி, தகப்பன் ராசாவாக இருந்தாலும் அவருடைய குடி பிள்ளைக்கு வராது. இதை இந்த வழக்கம் இல்லாத யாழ்ப்பாணத்து அன்ரிமாருக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனவள். மாமா ஏன் கேட்டார் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தாய்க்குக் குடி இல்லை, ஆகவே பிள்ளைக்கும் இல்லை, ஆகவே பேச்சு முடிந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கணவர் என் கையைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி ஆங்கிலத்தில் அவளுக்குக் குடி என்றால் என்னவென்று சொன்னான். அவள் யோசிக்கவே இல்லை. ஒரு பெயரைச் சொன்னாள். தன் தாயின் குடியாம், தும்பிதான் அதன் அடையாளமாம். நவுருவில் மொத்தம் பன்னிரண்டு குடிகள் இருந்தன, தங்கள் கொடியில் இருக்கும் நட்சத்திரத்தின் பன்னிரண்டு முனைகளும் அவைதான் என்றாள். பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு அதை மொழிபெயர்த்தான்.

"புள்ள தாய்ட குடிதானே, இதில கேக்கிறதுக்கு என்ன இருக்கு எண்டு கேக்காள் மாமா. உங்கட ஊரில தகப்பன்ட குடியா எண்டும் கேக்காள்."

மாமா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அவருடைய சொந்த மகன்மார் இரண்டு பேருமே அவருடைய குடி இல்லை, மாமியின் குடி. சின்னவன் சிரிப்பை அடக்க இருமினான்.

"இல்ல," என்றார் மாமா. "எங்களுக்கும் தாய்ட குடிதான்."

அவள் நல்லது என்று தலையாட்டினாள். பொம்பிளை பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டாரை அவள் பார்த்துச் சரி சொன்ன மாதிரி இருந்தது. மாமா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். இப்போது நேராக அவளிடமே, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒரே குடிக்குள் கட்டுவீர்களா என்று கேட்டார். கூடாது, அண்ணன் தங்கச்சி மாதிரி அல்லவா என்றாள். மாமா தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிய பேச்சில் எங்களுக்கு இடமே இல்லை. தம்பி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்கப் போய்விட்டான்.

ஃபோனை வைத்ததும் மாமா என்னைப் பார்த்து, "நம்மட ஆக்களுக்குள்ளயே இப்பிடி ஒழுங்கு தெரிஞ்ச புள்ள இல்ல" என்றார். பேனையைத் தேடினார்.

எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் மனம் முழுக்க ஆறவில்லை. அவளுக்குக் குடி இல்லாமல் இருந்தால்? ஒரு தகப்பன் பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரலாமா? அதை மாமாவிடம் பிறகு, கையெழுத்துகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, கேட்டேன். "நீ உன்ட வாயை வச்சுக்கொண்டு பஸ்ஸ ஓட்டு" என்றார்.

விசாரணை, மருத்துவம், காத்திருப்பு என்று காலம் இழுத்தது. ஒரு மாசி மாதத்தில் மூன்று பேரும் விமான நிலையக் கதவால் வெளியே வந்தார்கள். தம்பி மெலிந்து, முன்தலை வழுக்கையாகி, ஆனால் நிமிர்ந்து நடந்து வந்தான். நான் அழுது முடிப்பதற்குள் மாமா பிள்ளைக்கு ஜக்கெட் போட்டு ஜிப்பையும் இழுத்து முடித்திருந்தார்.

அடுத்த மாதம் எங்கள் கட்டடத்தின் விருந்து மண்டபத்தில் சின்னதாக ஒரு சாப்பாடு வைத்தோம். நம்மவர் கூடினால் மைக் இல்லாமல் முடியுமா? ஒரு பெரியவர் எழும்பி, நல்ல மனத்தோடுதான், "நவுரு எண்ட நரகத்தில இருந்து மீண்டு வந்த குடும்பம்" என்று தொடங்கினார். தம்பியின் பெண்சாதி எனக்கு மச்சாள் முறை. அவளுடைய காதில் அதை மெல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எழும்பினாள். மைக்கைக் கேட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"என் தீவு நரகம் இல்லை. முதலில் வெள்ளைக்காரர் வந்து எங்கள் மண்ணைத் தோண்டிக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய்த் தங்கள் வயல்களுக்கு உரமாகப் போட்டார்கள். தீவின் நடுப்பகுதி இன்றைக்கும் வெறும் கல்லும் குழியும்தான். மண் முடிந்து நாங்கள் ஏழையான பிறகு, காசைக் காட்டி இந்த மனிதர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வேலை கிடைத்தது, வீட்டு வாடகை ஏறியது, எங்களுக்குள் சண்டை வந்தது. முகாம் காலியானதும் வேலையும் போனது. என் கணவர் அங்கே கஷ்டப்பட்டார், அது உண்மை. எங்கள் ஆட்களில் சிலர் அவர்களுக்குக் கொடுமை செய்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் பூட்டுக்குத் திறப்பு எங்களிடம் இருக்கவில்லை. உலகத்துக்கு எங்கள் பெயர் சிறை, மறியல்வீடு என்றுதான் தெரியும். நான் பிறந்த இடம் அது."

மச்சாள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து இருந்து இடியப்பத்தைப் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுடைய வார்த்தைகள் என் வாயால் வந்தன என்பதிலும் பெருமைதான். அந்தப் பெரியவர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார், அவருக்கும் ஒரு மரியாதை உண்டு.

அடுத்த நாள் மச்சாள் தன் தாயோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா உங்களோட கதைக்கவேணுமாம்" என்று என்னிடம் நீட்டினாள். அந்த அம்மாவோடு நான் அதுவரைக்கும் பேசியதில்லை. நன்றி சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வசனம் மனதில் தயாராக வைத்திருந்தேன். சொல்ல அவர் விடவில்லை.

தான் முகாமில் உடுப்புத் தோய்க்கும் வேலை செய்ததாகவும், உள்ளே இருப்பவர்களோடு பேசக்கூடாது என்று கட்டளை இருந்ததாகவும் சொன்னார். வெளியே விட்ட பிறகு தம்பி டெங்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தானாம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினாராம். இந்த ஆட்களை ஏன் வீட்டில் சேர்க்கிறாய் என்று அயலவர்கள் அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார்களாம். தம்பி இதில் ஒரு சொல் எனக்குச் சொன்னதில்லை. அவன் உயிரோடு இருப்பதற்குக் காரணம் யார் என்று தெரியாமலே நான் இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

"உன் தம்பிக்கு இங்கே ஒருவரும் இருக்கவில்லை. நான் இருந்தேன்" என்றார். பிறகு, "என் மகளுக்கு அங்கே ஒருவரும் இல்லை" என்றார்.

தயாராக வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"நான் இருக்கன் அம்மா," என்றேன்.