தொட்டிக்குள் ஒரு பூப்போட்ட துண்டு

பல் மருத்துவமனையில் கருவி கழுவுகிறவளுக்குப் பதினொரு வருஷமாக வலது கட்டைவிரல் முழுசாக ஆறியதே இல்லை. பல்லில் காறை சுரண்டும் கொக்கிகளைப் பிரஷ்ஷால் தேய்க்கும்போது வாரத்துக்கு ஒரு குத்தாவது வாங்கிவிடுவாள். அதனால் வீட்டில் வெங்காயம் நறுக்குவது கணவர் வேலையாகிவிட்டது. பஸ் ஓட்டுகிற கைக்கு இது பிரமோஷன் என்று சொல்லி, அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

டாக்டரம்மா அல்ட்ராசோனிக் தொட்டி வாங்கி வைத்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தேய்க்கவே வேண்டாமாம். மருந்து கலந்த தண்ணீரில் கருவிகளை மூழ்கவைத்துப் பொத்தானை அழுத்தினால், காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரை உலுக்கும். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறந்த வேகத்தில் உடைந்து, இண்டு இடுக்கு அழுக்கையெல்லாம் பிய்த்தெடுக்கும். கிருமியைக் கொல்ல மட்டும் வழக்கம்போல் நீராவிப் பெட்டி.

ஆனால் மூன்று நாளாகியும் கொக்கிகள் போட்டது போட்டபடியே வெளியே வந்தன. மறுபடியும் பிரஷ். நாலாம் நாள் மதியம் டாக்டரம்மா, சாயங்காலம் கடைக்காரர் வந்து தொட்டியை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டாள்.

தொட்டி போனாலும் துண்டு நம் வீட்டுத் துண்டாயிற்றே. புதுத் தொட்டியில் கீறல் விழக்கூடாதென்று முதல் நாளே அடியில் மெத்தை மாதிரி மடித்துப் போட்டிருந்த பூப்போட்ட துண்டை எடுத்துப் பிழிந்தாள். மனசு கேட்காமல், கம்பிக்கூடையில் நாலு கொக்கிகளை வைத்துக் கடைசியாக ஒருதரம் ஓட்டினாள். வழக்கமான முனகல் இல்லை, தொட்டி சீறியது. கொக்கி முனைகளிலிருந்து அழுக்கு புகைபோலக் கிளம்பியது.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். "அக்கா, இத்தனை நாளா அடியில என்ன போட்டிருந்தீங்க?"

"துண்டும்மா. புது மெஷினு, பாவம், அடிபடுமேன்னு."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முகக்கவசம் நழுவியது. மொத்த ஒலியையும் அந்தத் துண்டே விழுங்கியிருக்கிறது. சந்தேகம் தீர, தண்ணீரை மாற்றி சின்ன அலுமினியத் தாள் ஒன்றை ஒரு நிமிஷம் தொங்கவிட்டுப் பார்த்தார். தாளெங்கும் குமிழிகள் குத்திய ஊசிமுனை ஓட்டைகள். கடைக்காரரை வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்.

அவள் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் ஜன்னலருகே பிடித்துப் பார்த்தார். அவர் சட்டையெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். வெறும் ஓட்டையைப் போய்ப் பத்திரமாக எடுத்துவந்திருக்கிறாளே என்று கிண்டலடித்தார்.

"இதெல்லாம் என் விரல்ல விழவேண்டியதுங்க" என்றாள்.

கட்டைவிரல் ஆறி ஒரு மாசமாகிறது. வெங்காயத்தை இன்னும் அவர்தான் நறுக்குகிறார். கொடுத்த பிரமோஷனைத் திரும்பப் பிடுங்குவது நியாயமில்லை என்று சொல்லிவிட்டாள்.